மின்சாரம் வந்துவிட்டதென்று யார் சொன்னது?

சென்ற மாதம் நடந்த அரையாண்டு ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டத்தில், என் விளக்கப் படங்களில் பதினோராவது ஒரு நேர வரைபடம். அதில் நான்கு கோடுகள்: மின்கலத்தின் மின்னழுத்தம், கணினி மாட்யூலுக்குள் நுழையும் 5 வோல்ட், மாட்யூல் தனக்குள் உருவாக்கிக்கொள்ளும் 3.3 வோல்ட், ரீசெட் குறிகை. அந்தப் படத்தை ஐந்து நொடிகூடப் பார்க்காமல் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “இது வயரிங் சமாச்சாரம் அல்லவா? இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?” அறையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. நெறியாளர் தம் குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கினார். நானும் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அன்று விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு அந்த நான்கு கோடுகளில்தான் இருந்தது. அதற்குப் பின் நான் காட்டிய இருபது படங்களும், அதாவது தரவுச் சுருக்கம், நரம்பணி மாதிரி, துல்லிய விழுக்காடு எல்லாமும், அந்த நான்கு கோடுகளும் உரிய வரிசையில் உரிய நேரத்தில் எழுந்தால் மட்டுமே நடப்பவை. இந்த எளிய உண்மையைக் கல்விப்புலம் காண மறுக்கிறது என்பதும், அந்த மறுப்பின் விலையை மாணவர்கள் கொடுக்கிறார்கள் என்பதும் என் குற்றச்சாட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். கொங்கணத்தின் மலைச்சரிவு ஒன்றில் மழையளவையும் மண்ணின் ஈரத்தையும் பதிவு செய்ய ஏழு கருவிகளை நிறுவினோம். ஒவ்வொன்றிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கணினி மாட்யூல், அதைப் பொருத்த நாங்களே வடிவமைத்த கேரியர் போர்டு, 12 வோல்ட் ஈய-அமில மின்கலம், சூரியத் தகடு, தரவை அனுப்பச் செல்பேசி மோடம். ஜூன் முதல் வாரத்தில் ஏழும் பேசின. ஆகஸ்ட் நடுவில் மூன்றுதான் பேசின. சரிவு எப்போது நழுவும் என்பதை அறிய மழை உச்சத்தில் இருக்கும் நாட்களின் அளவீடுதான் தேவை. கருவிகள் ஊமையானதும் சரியாக அந்த நாட்களில்தான்.

பழி எங்கே விழுந்தது? மென்பொருள் எழுதிய எம்.டெக். மாணவியின் மேல். “கோப்பு முறைமை சிதைந்திருக்கிறது; ஆகவே உன் நிரல்தான் தவறாக எழுதியிருக்க வேண்டும்” என்று அவரிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். இரண்டு மாதம் அவர் தம் நிரலை மூன்று முறை திருத்தி எழுதினார். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாள் தள்ளிப்போயிற்று. அவருக்கு உறுதியாகியிருந்த வேலையின் சேர்க்கை நாளும் அதோடு தள்ளிப்போயிற்று. ஆய்வகத்தில் அந்த நிரல் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஏன் தவறப்போகிறது? ஆய்வக மேசையில் இருக்கும் மின்வழங்கி, இடியே விழுந்தாலும் 12.00 என்று காட்டும் சாதனமல்லவா!

விநாயகர் சதுர்த்தி விடுமுறையில் ஆசிலாஸ்கோப்பைச் சுமந்துகொண்டு மலையேறினோம். மேகம் மூடிய ஒரு காலை, ஊமையாகியிருந்த ஒரு கருவியின் அருகில் அமர்ந்து பார்த்தபோது கண்டது இது. மின்கலம் வலுவிழந்திருந்தது. மாட்யூல் விழித்து, இயங்குதளம் ஏறத் தொடங்கும். விழிக்கும் வேளையில்தான் அது மிகுதியாக மின்னோட்டம் இழுக்கும். கூடவே மோடமும் இழுக்கும். மின்கலத்தின் அழுத்தம் 11.1 வோல்ட்டுக்குக் கீழே சரியும். பாதுகாப்புச் சுற்று சுமையைத் துண்டிக்கும். சுமை நீங்கியதும் மின்கலம் தானாக மூச்சுவிட்டு 11.5-க்கு ஏறும், எந்த ஈய-அமில மின்கலமும் அப்படித்தான் ஏறும். நாங்கள் வைத்திருந்த மறுஇணைப்பு எல்லையோ 11.4. உடனே சுமை மறுபடியும் இணையும், மாட்யூல் மறுபடியும் விழிக்கும், மறுபடியும் சரியும். ஏறத்தாழ 40 நொடிக்கு ஒரு பிறப்பும் ஓர் இறப்பும். ஒரு மணி நேரத்தில் 90 முறை. ஒவ்வொரு இறப்பும் ஃபிளாஷ் நினைவகம் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் நிகழக்கூடியது.

கோப்பு முறைமை அறிந்தவர்கள் இங்கே, “ஜர்னலிங் காப்பாற்றாதா?” என்று கேட்பார்கள். கோப்பு முறைமையின் கட்டமைப்பை அது காக்கும். ஆனால் ஒரு செல்லில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிட்டுகளைச் சேமிக்கும் ஃபிளாஷில், மேல் பக்கத்தை எழுதும்போது மின்சாரம் அறுந்தால், அதே செல்களைப் பகிர்ந்துகொள்ளும் கீழ்ப்பக்கத்தில் முன்பே எழுதி முடித்த தரவும் கெடக்கூடும். நேற்று பத்திரமாகச் சேமித்தது இன்றைய மின்வெட்டில் அழிகிறது. இதை எந்த நிரலாளரும் மேலிருந்து தடுக்க இயலாது. தடுத்திருக்க வேண்டியவர் கேரியர் போர்டை வரைந்தவர், அதாவது நான். மறுஇணைப்பு எல்லையை 12.5 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, இரண்டு எல்லைகளுக்கும் நடுவே போதிய இடைவெளி வைத்திருந்தால் இந்தச் சுழற்சி தொடங்கியே இருக்காது. அந்த இடைவெளியைத் தீர்மானிப்பவை சில ரெசிஸ்டர்கள்.

இரண்டாவது கருவியில் வேறு நோய். அதில் சுழற்சியே இல்லை. நல்ல வெயில், மின்கலம் நிறைந்திருக்கிறது, 5 வோல்ட் சரியாக வருகிறது, மாட்யூல் மட்டும் எழவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு 3.3 வோல்ட் மின்தடத்தை அளந்தால் சுழியம் இல்லை; 1.4 வோல்ட் நிற்கிறது. எங்கிருந்து? ஈரமானிக்கும் மாட்யூலுக்கும் நடுவே இருந்த தொடர்முறைத் தொடர்பு மாற்றி தனி மின்வழியில் எப்போதும் உயிரோடு இருந்தது. தொடர்முறைக் கம்பி ஒன்றும் பேசாதபோது உயர்நிலையில் நிற்கும். அதன் மௌனமே 3.3 வோல்ட். அந்த அழுத்தம் மாட்யூலின் உள்ளீட்டு முனை வழியே நுழைந்து, அங்கே நிலைமின் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் டயோடைக் கடந்து, உறங்க வேண்டிய மின்தடத்துக்குப் பின்வாசல் வழியாகச் சோறூட்டிக்கொண்டிருந்தது. மின்தடம் முழுமையாகச் சாகாததால், ‘புதிதாக மின்சாரம் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கு’ என்று சொல்ல வேண்டிய ரீசெட் சுற்று விழிக்கவே இல்லை. மாட்யூல் இறக்கவும் இல்லை, பிறக்கவும் இல்லை; திரிசங்கு போல நடுவில் தொங்கியது.

மாணவியின் நிரலில் ஒரு வரிகூட இவற்றுக்குக் காரணமில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதால் போன மாதங்கள் திரும்பவில்லை.

இதில் எதுவும் மறைபொருள் அல்ல என்பதுதான் வேதனை. பீகிள்போன் பிளாக் நம் ஆய்வகங்களுக்கு நன்கு பழகிய பலகை. ரீசெட் குறிகை உயர்நிலைக்கு வரும்வரை வெளியிலிருந்து எந்த முனையையும் இயக்கக் கூடாது என்று அதன் கையேடு எச்சரிக்கிறது. 2020 அக்டோபரில் வந்த ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4-இன் டேட்டாஷீட், 5 வோல்ட் வருவதற்கு முன் வேறெந்த முனையிலும் மின்சாரம் இருக்கலாகாது என்கிறது. இயங்குதளத்தை முறையாக நிறுத்திய பின்னரே மின்சாரத்தை அகற்ற வேண்டும், அதற்கு வழியில்லாவிட்டால் அதைத் தாங்கும் கோப்பு முறைமையைக் கருதவேண்டும் என்றும் சொல்கிறது. நாங்கள் டேட்டாஷீட்டில் முனை எண் அட்டவணையை மட்டும் படித்தவர்கள். மின்வழங்கல் பகுதியைப் புரட்டிச் சென்றோம். படிக்க வேண்டியது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முந்தைய தலைமுறை ஒருவகையில் நல்லாசிரியனாக இருந்தது என்று தோன்றுகிறது. கம்ப்யூட் மாட்யூலின் முதல் வடிவங்களுக்கு 3.3, 1.8 முதலிய மின்னழுத்தங்களைக் கேரியர் போர்டே தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். உயர்ந்தது முதலில், தாழ்ந்தது பின்னர் என்று அடுக்க வேண்டும். அல்லது சேர்ந்தே ஏறும்போது தாழ்ந்தது உயர்ந்ததை எந்த நொடியிலும் மிஞ்சாமல் காக்க வேண்டும். வரிசையைக் கற்காமல் அதை எழுப்பவே முடியாது. நான்காம் வடிவத்தில் ஒரே 5 வோல்ட் போதும் என்றாயிற்று. மற்றவற்றை மாட்யூல் தானே வரிசையாக உருவாக்கிக்கொள்கிறது. வசதிதான். ஆனால் ‘இனி யோசிக்க ஒன்றுமில்லை’ என்ற மயக்கமும் அந்த வசதியோடு சேர்ந்தே வந்தது. குளோபல் எனேபிள் என்ற முனையைத் தாழ்த்தினால் மாட்யூல் முழுவதும் அணையும். ரன்-பவர்குட் என்ற முனை இருவழிப் பாதை, உயர்ந்து நின்றால் மின்சாரம் நலம் என்று வெளியுலகுக்கு அறிவிக்கும், வெளியிலிருந்து தாழ்த்தினால் செயலியை மீட்டமைக்கும். இந்த இரண்டு முனைகளையும் எங்கும் இணைக்காமல் விட்ட மாணவர் கேரியர் போர்டுகளை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். இணைக்காவிட்டாலும் மேசைமேல் வேலை செய்யும் என்பதே காரணம். உள்ளே புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறது; மாட்யூல் தானாக எழுந்துகொள்ளும்.

தொழில்துறை மாட்யூல்களில் இந்த உரையாடல் இன்னும் விரிவானது. பிக்மிக் அமைப்பின் காம் எக்ஸ்பிரஸ் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேரியர் போர்டு ‘பவர் ஓகே’ என்று சொல்லும்வரை மாட்யூல் தன் தொடக்கத்தை நிறுத்தி வைக்கிறது. ‘சஸ் எஸ்3’, ‘சஸ் எஸ்5’ ஆகிய குறிகைகளால், தான் எந்த ஆழத்து உறக்கத்தில் இருக்கிறது என்பதை மாட்யூல் அறிவிக்கிறது. அதைக் கேட்டுக் கேரியர் போர்டு தன் மின்தடங்களை அணைக்க வேண்டும். ரீசெட்டிலும் இரண்டு உண்டு: வெளியிலிருந்து மாட்யூலுக்கு வருவது ஒன்று, மாட்யூலிலிருந்து கேரியர் போர்டின் பிற சில்லுகளுக்குச் செல்வது மற்றொன்று. மின்கலம் தாழ்ந்தது, வெப்பம் மிஞ்சியது, விழித்தெழு என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கம்பிகள். 314 தொடுமுனைகள் கொண்ட ஸ்மார்க் தரத்தில் ‘கேரியர் பவர் ஆன்’ என்றொரு குறிகை உண்டு. மாட்யூல் அதை உயர்த்தும்வரை, மின்மேலாண்மைச் சுற்றுகளைத் தவிர, கேரியர் போர்டில் எதற்கும் மின்சாரம் கொடுக்கலாகாது. எங்கள் ஈரமானிக் கருவியில் நிகழ்ந்த பின்வாசல் ஊட்டத்தை முன்கூட்டியே தடுக்கும் விதி இது. யாரோ எங்கோ முன்பே சுட்டுக்கொண்ட கைதான் அந்தக் குறிகைக்குப் பின்னால் இருக்கிறது.

இந்தக் குறிகைகளுக்கு ஓர் இலக்கணமும் உண்டு. அதை வகுப்பில் சொல்லித்தந்தால் மாணவர் கண் விரிவதைப் பார்க்கலாம். ‘நலம்’ என்பது உயர்நிலை. ‘ரீசெட்’ என்பது தாழ்நிலை. ‘உறக்கம்’ என்பதும் தாழ்நிலை. ஏன்? செத்த சுற்றால் எதையும் உயர்த்திப் பிடிக்க இயலாது. ஆகவே நல்ல செய்தியை உயிருள்ளவர் மட்டுமே சொல்ல முடியும். சொல்லாமல் இருப்பதே கெட்ட செய்தியாகக் கொள்ளப்படும். பல ஆண்டுப் பட்டறிவு இந்தச் சிறு ஏற்பாட்டுக்குள் உறைந்திருக்கிறது. கணினிகளுக்கான ஏடிஎக்ஸ் மின்வழங்கி தன் எல்லா மின்தடங்களும் நிலைபெற்ற பின் 100 முதல் 500 மில்லி விநாடி காத்திருந்துதான் ‘பவர் ஓகே’ சொல்கிறது; அழுத்தங்கள் எல்லை தாண்டிச் சரிவதற்குக் குறைந்தது 1 மில்லி விநாடிக்கு முன் அதைத் திரும்பப் பெறுகிறது. 1 மில்லி விநாடி நமக்கு ஒன்றுமில்லை. செயலிக்கு அது தன் வீட்டைப் பூட்டிக்கொள்ளக் கிடைக்கும் நேரம்.

நாம் என்ன செய்கிறோம்? ‘பவர் ஓகே’ முனையை ஒரு ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டில் கட்டிவிடுகிறோம். “சிம்பிளாக இருக்கும்” என்கிறோம். அரசன் எரிந்துகொண்டிருந்தாலும் “நாடு நலம், நகர் நலம்” என்று பாடிக்கொண்டிருக்கும் அவைப்புலவன் அந்த ரெசிஸ்டர்.

இப்போது மூத்த உறுப்பினரின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு தனித்த அமைப்புகள். ஒன்றின் நிலை மற்றொன்றுக்கு நேரடியாகத் தெரியாது. நடுவே சில ஒற்றைப் பிட் செய்திகள். செய்தி வராமல் போகலாம், பொய்யாக வரலாம், தாமதமாக வரலாம். எந்த வரிசையில் வந்தாலும் அமைப்பு கெட்ட நிலைக்குள் சிக்கிக்கொள்ளக் கூடாது. இதையே வலையமைப்பில் வைத்தால் பரவல் கணிமை என்கிறோம். அதற்கு மாநாடுகள் உண்டு, முறைசார் சரிபார்ப்புக் கருவிகள் உண்டு, முனைவர் பட்டங்கள் உண்டு. செம்புத் தடத்தில் வைத்தால் மட்டும் வயரிங் சமாச்சாரம். பொருள் ஒன்றே, மாறியது அதைத் தொடும் கை. சூட்டுக்கோல் பிடிக்கும் கைக்கும் விசைப்பலகை தட்டும் கைக்கும் நடுவே நம் கல்விப்புலம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பது இந்தியாவில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தைப் பாருங்கள். 1980-இல் வந்த 8051 இன்றும் பல கல்லூரி ஆய்வகங்களில் அரியணையில் இருக்கிறது. அதன்மேல் எனக்குப் பகை ஏதுமில்லை. அது நல்ல ஆசிரியன். ஆனால் அந்த ஆய்வகப் பயிற்சிப் பெட்டியில் மாணவர் கற்பது என்ன? பெட்டியின் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். பிறகு நிரலை ஏற்றலாம். மின்சாரம் அங்கே கடவுள் கொடுத்தது. ரீசெட் முனையில் ஏன் ஒரு மின்தேக்கியும் ரெசிஸ்டரும் இருக்கின்றன என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், “டயக்ராமில் அப்படித்தான் சார் இருக்கிறது” என்பார்கள். மின்னழுத்தம் மெல்ல ஏறினால் அந்த இணை எப்படி ஏமாறும், அந்த இடத்தில் 140 மில்லி விநாடியாவது ரீசெட்டைப் பிடித்துவைக்கும் ஒரு சிறு கண்காணிப்புச் சில்லு ஏன் வேண்டும் என்பது அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். அடுத்த கேள்வி வருவதே இல்லை.

மறுப்புகள் எனக்குத் தெரியும். முதல் மறுப்பு வாட்ச்டாக். “தொங்கிப்போனால் அது மீட்டமைத்துவிடும்.” எதை மீட்டமைக்கும்? பெரும்பாலும் செயலியை மட்டும். மோடமோ உணர்வியோ குழம்பி நின்றால் அவற்றின் மின்சாரத்தை வெட்டி இணைக்கும் ஏற்பாடு தனியாக இருந்தால்தான் பயன். மேலும், வலுவிழந்த மின்கலத்தின்மேல் வாட்ச்டாக் செய்யக்கூடியது, நான் மேலே சொன்ன பிறப்பு-இறப்புச் சுழற்சியை இன்னும் சுறுசுறுப்பாக நடத்துவதுதான். திரிசங்கு நிலையில் மாட்டிய மாட்யூலுக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக்கும் திரிசங்குதான்.

இரண்டாவது மறுப்பு: “விற்பனையாளர் தரும் ஆயத்தக் கேரியர் போர்டை வாங்கிக்கொள்ளலாமே?” வாங்கலாம். முன்மாதிரிக்கு வாங்கத்தான் வேண்டும். ஆனால் தேர்ந்தவர்களே ஒரு ரெசிஸ்டரில் சறுக்குவதை மறக்கலாகாது. 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4-இன் யூஎஸ்பி-சி மின்னுழைவாயில் நினைவிருக்கும். மின்சாரம் வேண்டுமென்று கேட்கும் இரண்டு குறிகை முனைகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும் என்பது தரம். அவர்கள் இரண்டையும் சேர்த்து ஒன்றே வைத்தார்கள். விளைவாக, அடையாளச் சில்லுள்ள கேபிளைச் செருகினால், இது ஒலிக்கருவி என்று எண்ணி மின்வழங்கி மின்சாரம் தர மறுத்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு அடுத்த திருத்தத்தில் சரிசெய்தது. தவறியதற்காக அவர்களை நான் இகழவில்லை. அந்தத் தவறு உலகறியப் பேசப்பட்டது, விளக்கப்பட்டது, திருத்தப்பட்டது. நம் ஆய்வகங்களில் இதே வகைத் தவறு ‘மென்பொருள் கோளாறு’ என்ற பெயரில் புதைக்கப்படுகிறது.

மூன்றாவது மறுப்பு நம் கட்டுரைகளுக்குள்ளேயே இருக்கிறது. யாரும் உரக்கச் சொல்வதில்லை. குறைமின் அமைப்புகள் பற்றிய கட்டுரைகளில் செயலியின் உறக்க மின்னோட்டம் இத்தனை மைக்ரோ ஆம்பியர், ஆகவே மின்கலம் இத்தனை ஆண்டு என்று ஒரு வகுத்தல் கணக்கு வரும். டேட்டாஷீட்டின் எண்ணை மின்கலத்தின் எண்ணுக்குக் கீழே வைத்து வகுத்தது. செயலி உறங்கட்டும், கேரியர் போர்டு உறங்குகிறதா? 3.3 வோல்ட்டில் கட்டிய ஒரு 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரின் மறுமுனை தாழ்நிலையில் கிடந்தால் 0.33 மில்லி ஆம்பியர் வீணாகும். அப்படிப் பத்து இருந்தால் 3.3 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 79 மில்லி ஆம்பியர்-மணி. செயலியின் 10 மைக்ரோ ஆம்பியர் அந்தக் கணக்கில் தூசு. ‘அணைத்தல்’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. ராஸ்பெரி பை 4-இல் நிறுத்தும் கட்டளை கொடுத்த பிறகும், அதன் தொடக்க மென்பொருளின் இயல்பான அமைப்பில், மின்மேலாண்மைச் சில்லு மின்தடங்களை அணைப்பதில்லை. அணைக்கச் சொல்லித் தனியே அமைக்க வேண்டும். அமைத்துவிட்டாலோ, வெளியே உயிரோடிருக்கும் உணர்விகள் பின்வாசல் வழியாக உள்ளே ஊட்டத் தொடங்கும். இதையெல்லாம் அளக்காத கட்டுரையின் ‘ஐந்தாண்டு ஆயுள்’ கற்பனை இலக்கியம். மதிப்புரைஞராக அமரும் பேராசிரியர்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: மின்னோட்டத்தை எந்த இடத்தில் அளந்தீர்கள், செயலியின் முனையிலா, மின்கலத்தின் வாயிலிலா?

நாட்டளவில் இது சிறு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டமாகக் குறைகடத்தி இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 85,000 பொறியாளர்களைச் சில்லு வடிவமைப்பில் பயிற்றுவிக்கத் தனித் திட்டம் நடக்கிறது. மொகாலியில் உருவான விக்ரம் 3201 செயலி 2025 செப்டம்பரில் மேடையேறியது. சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக்கின் வேகா எனச் செயலிக் குடும்பங்களும் நம்மிடம் உண்டு. மகிழ்ச்சி. ஆனால் எந்தச் சில்லும் மேடையில் வாழ்வதில்லை, பலகையில்தான் வாழ்கிறது. அந்தப் பலகை நம் வெயிலிலும் மழையிலும், நம் மின்கம்பியின் முனையிலும் தொங்குகிறது. சில்லை வரைய ஆயிரக்கணக்கானோரைப் பயிற்றுவிக்கும் நாடு, அந்தச் சில்லுக்கு ‘இப்போது எழு, இப்போது உறங்கு’ என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களை எங்கே உருவாக்குகிறது?

நான் கேட்பது புதிய துறையோ புதிய மானியமோ அல்ல. களத்தில் இயங்கும் கருவியை முன்வைக்கும் எந்த ஆய்வேட்டிலும், அளந்து எடுத்த எழுச்சி-வீழ்ச்சி நேர வரைபடம் ஒன்று இருக்க வேண்டும். பாவனைக் கருவியில் வரைந்தது போதாது. உட்பொதி அமைப்புகளின் ஆய்வகத் தேர்வில், நிரலை ஓட்டிக் காட்டிய பின், தேர்வாளர் மின்வழங்கியின் குமிழைத் திருகி அழுத்தத்தை மெல்லக் குறைத்து மெல்ல ஏற்ற வேண்டும். கருவி மீண்டெழுந்தால் மதிப்பெண். இதற்குச் செலவு சுழியம். முதல் ஆண்டு நம்மில் பலர் தோற்போம் என்பதும் தெரியும்; என் கருவி நிச்சயம் தோற்றிருக்கும்.

ஒரு கணக்கையாவது ஒவ்வொரு மாணவரும் கையால் போட்டிருக்க வேண்டும். மாட்யூல் 5 வாட் இழுக்கிறது. மின்சாரம் போன செய்தி கிடைத்த பின் முறையாக அணைய 10 நொடி வேண்டும். தேவை 50 ஜூல். மாற்றியின் திறன் 80 விழுக்காடு என்றால் 62.5 ஜூல். சூப்பர் கெப்பாசிட்டரை 5 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் வரை பயன்படுத்தலாம் என்று கொண்டால், இரண்டு மின்னழுத்தங்களின் வர்க்க வேறுபாடு 16, ஆகவே 7.8 ஃபாரட். ஒன்று 2.7 வோல்ட்தான் தாங்கும் என்பதால் இரண்டைத் தொடராக வைக்க வேண்டும். தொடரில் கொள்திறன் பாதியாவதால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 ஃபாரட். இன்னும் முதுமைக்கும் குளிருக்கும் இடம் விட்டு 25 என்று வாங்குங்கள். பிளஸ் டூ இயற்பியல்தான் இது. ஆனால் இந்தக் கணக்கைப் போடும்போதுதான் அடுத்த கேள்வி எழும்: மின்சாரம் போன செய்தி மாட்யூலுக்கு எந்தக் கம்பி வழியாக, எத்தனை மில்லி விநாடியில் போய்ச் சேரும்? அது அணைந்து முடித்ததைக் கேரியர் போர்டுக்கு யார் சொல்வார்? அணைந்துகொண்டிருக்கும் நடுவிலேயே மின்சாரம் திரும்பி வந்துவிட்டால்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் முதல் மூன்று வடிவமைப்புகளிலும் பதில் இல்லை. நான்காவதில் ஒரு சிறு நுண்கட்டுப்பாட்டியை நடுவராக வைத்து, ‘தொடங்கிய அணைவை எக்காரணம் கொண்டும் பாதியில் நிறுத்தாதே, முழுதும் அணைந்து, மின்தடம் 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை அளந்த பின்னரே மறுபடி எழுப்பு’ என்று எழுதினோம். தொடர்முறைக் கம்பிகளுக்கு, மாட்யூல் உறங்கும்போது தானும் விலகிக்கொள்ளும் இடைநிலைச் சில்லை வைத்தோம். இந்த ஆண்டு மழையில் ஏழில் ஆறு கடைசிவரை பேசின. ஏழாவதன் பெட்டிக்குள் எறும்புகள் புற்று வைத்துவிட்டன. அதற்குக் குறிகை ஏதும் தரத்தில் இல்லை.

மாணவி தம் ஆய்வேட்டில் இந்த நேர வரைபடங்களை ஆறு பக்கப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். புறத்தேர்வாளர் ஒருவர் அதை நீக்கிவிடலாம் என்று எழுதினார். நீக்க முடியாது என்று அவரே பதில் எழுதினார். என்னிடமோ நெறியாளரிடமோ கேட்கவில்லை. ஆய்வேடு அந்த ஆறு பக்கங்களோடு ஏற்கப்பட்டது. கேரியர் போர்டின் நான்கு வடிவமைப்புகளையும், தோற்ற மூன்றையும் சேர்த்தே, ஆசிலாஸ்கோப் பதிவுகளோடு யாருக்கு வேண்டுமானாலும் தருகிறோம். உள்பெட்டியில் கேளுங்கள். உங்களிடம் இதேபோல் ‘மென்பொருள் கோளாறு’ என்று மூடி வைத்த கருவி ஏதேனும் இருந்தால், அதன் 3.3 வோல்ட் மின்தடத்தை மின்சாரம் இல்லாதபோது ஒருமுறை அளந்துவிட்டு எழுதுங்கள்.